சித்தேரிக் கூரையும் சர்க்கார் சலுகையும்

நியூ ஜெர்சியில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் என் தமக்கை மகன், 2025-ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்து, வழக்கமான க்ஷேம சமாசாரங்களை விசாரித்து முடித்தபின், தன் வீட்டின் பழைய ஜன்னல்களையெல்லாம் கழற்றிவிட்டுக் குளிர் புகாத இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களைப் பொருத்திவிட்டதாகவும், அந்தச் செலவில் ஒரு பங்கைத் தான் கட்டவேண்டிய வருமான வரியிலேயே கழித்துக்கொள்ள அந்நாட்டுச் சட்டம் இடங்கொடுப்பதாகவும், அந்தச் சட்டத்தின் ஆயுள் டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடுவதால் வேலையாட்களைத் துரத்திப் பிடித்துக் காரியத்தை முடித்ததாகவும் உற்சாகமாகச் சொல்லிவிட்டு, “மாமா, நம்ம ஊர்ல இப்படி வீட்டைச் சீர்பண்ணினா வரியில கழிச்சுக்க முடியுமா?” என்று கேட்டான். “அதெல்லாம் இங்கே ஏது?” என்று நான் சட்டென்று சொல்லிவிட்டேன். சொன்னபின் மனம் ஒப்பவில்லை. விசாரியாமல் சொன்ன பதில் அது. அடுத்த வாரம் தர்மபுரி மாவட்டத்து அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போகவேண்டிய காரியம் ஒன்று இருந்தது. அந்தக் கேள்வியும் என்னோடு கூடவே மலையேறிற்று.

அவன் பெற்ற சலுகை இன்னதென்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது. வரியில் கிடைக்கும் சலுகைகள் இரு வகை. ஒன்று, வருமானத்தில் ஒரு தொகையைத் தள்ளிவிட்டு மிச்சத்துக்கு வரி போடுவது. இவ்வகையில் பத்தாயிரம் ரூபாய் தள்ளுபடி பெற்றவன் இருபது சதவீத வரிப்படியில் இருந்தால், அவன் கையில் நிற்பது இரண்டாயிரமே. மற்றொன்று, கணக்கிட்டு முடித்த வரியிலேயே அந்தத் தொகையைக் கழிப்பது. இதில் பத்தாயிரம் என்றால் பத்தாயிரமும் மிச்சம். அமெரிக்காவில் வீட்டுச் சீர்திருத்தத்துக்குக் கிடைத்துவந்தது இந்த இரண்டாவது வகை. 2022 ஆகஸ்டில் அங்கே இயற்றப்பட்ட சட்டத்தின்படி, கூரைக்கும் சுவருக்கும் வெப்பத்தடை இடுதல், கதவு ஜன்னல்களை மாற்றுதல் முதலியவற்றின் செலவில் 30 சதவீதம், ஆண்டுக்கு 1,200 டாலர் வரை கழித்துக்கொள்ள இடமிருந்தது. அதற்குள்ளேயே ஜன்னல்களுக்கு 600 டாலர் என்று ஓர் உள்வரம்பு இருந்தது. வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் பயன்படும் வெப்பப் பம்புக்குத் தனியாக 2,000 டாலர் வரை. கூரைமேல் சூரியத் தகடு பதிப்பவருக்கோ உச்சவரம்பே வைக்காமல் 30 சதவீதம். வருஷக் கணக்கோடு 5695 என்னும் எண்ணுள்ள படிவத்தைச் சேர்த்து அனுப்பினால் போதுமாயிருந்தது. 2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான வேறொரு சட்டம், இச்சலுகைகளை அந்த ஆண்டின் முடிவோடு நிறுத்திவிட்டது.

அந்நாட்டில் இத்தகைய சலுகை தோன்றுவதும் மறைவதும் புதிதன்று. எண்ணெய் விலை ஏறிநின்ற காலத்தில், ஜிம்மி கார்ட்டர் ஜனாதிபதியாக இருந்தபோது, 1978-இல் முதற்சட்டம் வந்தது. வெப்பத்தடைச் செலவில் முதல் 2,000 டாலருக்கு 15 சதவீதம், அதாவது அதிகபட்சம் 300 டாலர், வரியில் கழிக்கலாம் என்றது அது. மறு ஆண்டு ஜூன் மாதத்தில் கார்ட்டர் தம் வெள்ளை மாளிகையின் மேற்கூரையிலேயே தண்ணீர் காய்ச்சும் சூரியத் தகடுகள் 32-ஐ ஏற்றிவைத்தார். எண்ணெய் மலிந்தது, ஆட்சி மாறிற்று, 1985-இன் முடிவில் சலுகை காலாவதியாயிற்று, 1986-இல் ரீகன் ஆட்சியில் கூரை செப்பனிட இறக்கப்பட்ட தகடுகள் மறுபடி ஏறவேயில்லை. சூரியன் மட்டும் அதே இடத்தில்தான் இருந்தது.

என் மருமகன் பெற்ற சலுகையில் ஒரு சூக்ஷ்மம் இருந்தது. அவன் அதைக் கவனித்திருக்கமாட்டான், கவனிக்கவேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை. ஜன்னலுக்குரிய கழிவு, கட்டவேண்டிய வரி எவ்வளவோ அவ்வளவு வரைதான் சென்றது. மிச்சத்தைச் சர்க்கார் ரொக்கமாகத் திருப்பித் தரவில்லை. நூறு டாலர் வரி கட்டுகிறவனுக்கு அறுநூறு டாலர் கழிவு உரியதானால், அவன் பெறுவது நூறு மட்டுமே. வரியே கட்டவேண்டாத அளவுக்கு ஏழையாக இருப்பவன், காற்று புகுந்து நடுங்கும் வீட்டில் இருந்தாலும், சல்லிக்காசு பெறமாட்டான். வரி வழியாக வரும் தயை, வரி கட்டுகிறவன் வீட்டுக்குத்தான் வழி அறியும்.

இனி நம் நாட்டு நிலைமைக்கு வருவோம். மின்சாரத்தைச் சிக்கனம் செய்யும் பொருட்டு வீட்டைத் திருத்தியமைத்தவருக்கு இந்திய வருமான வரிச் சட்டத்தில் தனிச் சலுகை என்று ஒன்றும் இல்லை. மிக நெருங்கிய உறவு எதுவென்று தேடினால், வீட்டுக் கடனின் வட்டியைப் பற்றிய பிரிவு ஒன்று அதில் கிடைக்கும். தாம் குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கக் கடன் வாங்கியவர், அதற்குக் கட்டிய வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்கிறது அது. வெயிலைத் தடுக்கும் தளம் போட்டாலும் சரி, வெறும் வர்ணம் அடித்தாலும் சரி, சட்டத்துக்கு இரண்டும் ஒன்றே. அதுவும் பழைய வரிமுறையில் நிற்பவருக்குத்தான். புதிய முறைக்கு மாறிவிட்டவருக்கு, சொந்தக் குடியிருப்பின் வட்டிக்கு அந்தக் கழிவும் இல்லை. 2025-26-ஆம் நிதியாண்டு முதல் புதிய முறையில் 12 லட்ச ரூபாய் வரை சம்பாதிக்கும் குடும்பஸ்தர்களில் பெரும்பாலோர் வரியே கட்டவேண்டாமென்று ஆகிவிட்டபடியால், வரியில் கழிப்பது என்னும் வழி நம் தேசத்தில் மிகச் சிலருக்கே பிரயோஜனப்படும்.

ஆகவே நான் சொன்ன பதில் எழுத்தளவில் சரிதான். பொருளளவில் சரியா என்பதைத்தான் மலைமேல் யோசிக்க நேர்ந்தது.

சேர்வராயன் மலைக்குக் கிழக்கேயும் கல்வராயன் மலைக்கு மேற்கேயும், இரண்டுக்கும் நடுவே ஒதுங்கினாற்போல நிற்பது சித்தேரி மலை. சிற்றேரி என்பதே நாவில் உருண்டு சித்தேரி ஆயிற்றோ என்று எண்ணத் தோன்றும். இங்கே வாழ்பவர்கள் மலையாளிகள். பெயரைக் கேட்டுக் கேரள தேசத்தாரென்று மயங்கவேண்டாம்; மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்னும் பொருளில் வழங்கும் பெயர் அது; காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களுடைய பரம்பரைக் கதை; பேசுவது தமிழ்; அட்டவணைப் பழங்குடியினர். சாமையும் ராகியும் விளைவித்து, மலைக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய சிற்றூர்களில் வசிக்கிறார்கள். சித்தேரி ஊராட்சியைச் சேர்ந்த கலசப்பாடி, அரசநத்தம் முதலிய ஊர்களுக்குச் சாலை இல்லாமல், நோயாளிகளைத் தூளியில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய செய்திகளைப் பத்திரிகைகளில் படித்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இத்தகைய மலையில் வருமான வரி கட்டுகிறவர்களை விரல்விட்டு எண்ணினால், எண்ணி முடித்தபின்னும் கையில் விரல்கள் மிஞ்சும்.

ஆயினும், வீட்டையும் நிலத்தையும் மேம்படுத்துகிறவனுக்கு வரியில் தயை காட்டவேண்டும் என்னும் எண்ணத்தை இச்சீமை அமெரிக்கரிடமிருந்து கற்கவேண்டிய நிலையில் இல்லை என்பது வேடிக்கையான உண்மை. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறிய பாராமகால் என்பது இந்தத் தர்மபுரிச் சீமையை உள்ளடக்கியது. அதை நிர்வகிக்க வந்த காப்டன் ரீடின் கீழ் உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோ, ஏழாண்டுக் காலம் இங்கே ஊர் ஊராகச் சுற்றி, நிலத்தை அளந்து, குடியானவனோடு நேரே பேசி வரி நிர்ணயிக்கும் முறையைப் பயின்றார். தர்மபுரியில் வீடும் தோட்டமும் அமைத்து வாழ்ந்தார். பிற்காலத்தில் சென்னைக்குக் கவர்னராக வந்தார். இங்கே முளைவிட்ட ரயத்துவாரி முறையில், குடியானவன் தன் கைமுதலைப் போட்டு வெட்டிய கிணற்றுக்காக அவன் நிலத்தின்மேல் கூடுதல் வரி ஏற்றலாகாது என்னும் கொள்கை பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் நிலைபெற்றது. உழைத்து மேம்படுத்தியதன் பலனை உழைத்தவனே அனுபவிக்கட்டும் என்பது அதன் நியாயம். 1883-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கிணறு வெட்டவும் நிலத்தைத் திருத்தவும் சர்க்கார் கடன் கொடுக்க வழிசெய்தது. தக்காவிக் கடன் என்று நம் பாட்டனார்கள் சொன்னது இத்தகைய சர்க்கார் கடனைத்தான். வரியை விட்டுக்கொடுப்பது, கடன் கொடுப்பது என்று அன்று இருந்த இரண்டு வழிகளோடு, இன்று மூன்றாவதாக மானியம் என்னும் வழி சேர்ந்திருக்கிறது.

அந்த மானியங்களில் இப்போது பெரிதாகப் பேசப்படுவது, 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரி சூரிய வீட்டுத் திட்டம். ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரியத் தகடு பதிப்பது நோக்கம். 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு. கணக்கு எளியது. முதல் இரண்டு கிலோவாட்டுக்கு, சர்க்கார் நிர்ணயித்த அடிப்படை விலையில் 60 சதவீதம். மூன்றாவது கிலோவாட்டுக்கு 40 சதவீதம். அதற்குமேல் எவ்வளவு பெரிதாக அமைத்தாலும் கூடுதல் இல்லை. ரூபாயில் சொன்னால், ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலுமானால் 78,000. ஒரு கிலோவாட் தகடு பதிக்க ஏறக்குறைய நூறு சதுர அடி நிழல் விழாத கூரை வேண்டும். நம் பக்கத்து வெயிலில் அது நாளொன்றுக்குச் சராசரி நான்கு யூனிட் தரும். மீதிப் பணத்துக்கு, ஈடு எதுவும் கேட்காமல், குறைந்த வட்டியில் பாங்குகள் கடன் தரும் ஏற்பாடும் உண்டு.

விண்ணப்பிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். இதை வாசிக்கும் சமவெளிக்காரர் சிலருக்காவது பயன்படும். திட்டத்தின் தேசிய இணையத்தளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொண்டு பதிவுசெய்யவேண்டும். பிறகு, அங்கே பதிவுபெற்ற நிறுவனங்களுள் ஒன்றைத் தேர்ந்து வேலையை ஒப்படைக்கவேண்டும். பதிவுபெறாதவர் எவ்வளவு மலிவாகச் செய்வதாகச் சொன்னாலும் மானியம் வராது. தகடும் அதற்குள்ளிருக்கும் சில்லும் இந்தியாவில் செய்தவையாக இருக்கவேண்டும் என்பது ஒரு விதி. விலை குறைந்த அயல்நாட்டுத் தகட்டைத் தலையில் கட்ட வருகிறவரிடம் இதை முதலிலேயே கேட்டுவிடுவது புத்திசாலித்தனம். பொருத்தி முடிந்ததும் நெட் மீட்டர் வைப்பார்கள். பகலில் நம் கூரை உண்டாக்கி நாம் செலவழிக்காத மின்சாரம் வாரியத்தின் கம்பிக்குப் போவதையும், இரவில் அங்கிருந்து நாம் வாங்குவதையும் இரு திசையிலும் எண்ணும் கருவி அது. அதிகாரி வந்து பார்த்துச் சான்று தந்தபின் மானியம் பாங்குக் கணக்குக்கு நேரே வந்துசேரும். கவனிக்கவேண்டியது என்னவென்றால், பணம் பின்னால்தான் வரும். முதலில் கையிலிருந்தோ கடனாகவோ போட்டாகவேண்டும். அன்றியும், இணைப்பு எவர் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் காரியம் நடக்கும்.

மலையில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். மூங்கில் பிளாச்சுச் சட்டத்தில் மண் அப்பிய சுவர், மலைப்புல் வேய்ந்த கூரை, உள்ளே மூன்று கல் அடுப்பு, இரண்டு விளக்கு, அரசு முன்பு கொடுத்த ஒரு மின்விசிறி, சில வீடுகளில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. இந்த வீட்டுக்காரர் மேற்சொன்ன திட்டத்தில் மானியம் கேட்கப் போனால் என்ன நேரும்? கூரை தாங்காது, அது முதல் தடை. நூறு சதுர அடித் தகடும் இரும்புச் சட்டமும் காற்றில் பறக்காமல் நிற்கத் தளம் வேண்டும். அதைவிட ஆழமான தடை ஒன்று இருக்கிறது. அதைக் கண்டபோது எனக்கே சிரிப்பு வந்தது. தமிழ்நாட்டில் 2016 மே மாதம் முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். மேற்சொன்ன வீட்டில் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் செலவாவதே அபூர்வம். கட்டணமே இல்லாத வீட்டில் சூரியத் தகடு எதை மிச்சப்படுத்தும்? இரண்டு மாதத்துக்கு ஐந்நூறு யூனிட்டுக்கு மேல் செலவழித்து, அந்த எல்லையைத் தாண்டியதும் தாவி ஏறும் கட்டணப் படியில் அகப்பட்டு முழிக்கும் நகரத்து வீட்டுக்கோ, அதே தகடு சில ஆண்டுகளில் போட்ட முதலைத் திருப்பிவிடும். மானியம் இருவருக்கும் சமம், லாபம் ஒருவருக்கே. வரிச் சலுகை வரி கட்டாதவன் வாசலில் நின்றுவிடுவதுபோல, இந்த மானியம் கட்டணம் கட்டாதவன் வாசலில் நின்றுவிடுகிறது.

மலையில் மின்சாரத்தின் குறை விலையன்று. மழையும் காற்றும் அடித்தால் அது நின்றுபோவதுதான். சரி, அப்போதாவது கூரைத் தகடு உதவுமா என்றால், அங்கேயும் ஒரு விபரீதம். மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரண அமைப்பு, வெளியே கரன்ட் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரை நம் கூரை மின்சாரம் தாக்கிவிடாதிருக்கச் செய்த பாதுகாப்பு அது. தலைக்குமேல் சூரியன் காய்ந்துகொண்டிருக்க, வீட்டுக்குள் விசிறி ஓடாது. பாட்டரி வைத்த அமைப்பானால் ஓடும். ஆனால் பாட்டரிக்கு இந்தத் திட்டத்தில் மானியம் கிடையாது.

பாட்டரியோடு கூடிய சூரிய விளக்கை ஏழை வீட்டுக்கே நேராகக் கொண்டுபோன திட்டம் ஒன்று தமிழ்நாட்டில் இதற்கு முன்பே நடந்தது. 2011-இல் ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது தொடங்கிய சூரிய மின்சக்தி பசுமை வீடுகள் திட்டம் அது. ஆண்டுக்கு 60,000 வீடாக ஐந்தாண்டில் மூன்று லட்சம் வீடுகள். ஒவ்வொன்றும் 300 சதுர அடி, கான்கிரீட் தளம், ஐந்து சூரிய விளக்குகள். ஆரம்பத்தில் வீட்டுக்கு 1,80,000 ரூபாய், அதில் விளக்குகளுக்கென்று 30,000. வரி, கட்டணம், முன்பணம் எதையும் கேளாமல், வீட்டோடு சேர்த்து வெளிச்சத்தையும் கொடுத்த அந்த யோசனையை நான் மெச்சுகிறேன். ஆனால் அதற்கும் ஒரு வாசற்படி இருந்தது: வீடு கட்டும் இடத்துக்குப் பட்டா வேண்டும். தலைமுறை தலைமுறையாக உழுத நிலம் காட்டு இலாகாவின் வரைபடத்துக்குள் விழுந்துவிட்ட மலைவாசிக்கு, 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வந்தபின்னும், பட்டா என்பது எளிதில் கைக்கு வரும் காகிதமன்று.

சர்க்கார் காகிதம் என்றாலே மலையடிவார மக்கள் தயங்குவதற்கு வேறு காரணமும் உண்டு. சித்தேரி மலையின் அடியில் கிடக்கும் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தன மரம் தேடுவதாகச் சொல்லி நுழைந்த அரசு ஊழியர்கள் வீடுகளை இடித்ததையும், பெண்களுக்கு இழைத்த கொடுமையையும், 2011-இல் தர்மபுரி நீதிமன்றம் 215 பேரைக் குற்றவாளிகளென்று தீர்த்ததையும், அத்தீர்ப்பை 2023-இல் உயர்நீதிமன்றம் உறுதிசெய்ததையும் இங்கே விரிக்க இடமில்லை. வீட்டைத் திருத்தப் பணம் தருகிறோம் என்று வரும் உத்தியோகஸ்தரை, வீட்டை இடித்துவிட்டுப் போன உத்தியோகஸ்தரின் ஞாபகம் முந்திக்கொண்டு வந்து நிற்கும் என்பதை மட்டும் சொல்லி மேலே போகிறேன்.

பாட்டரி விஷயம் பாக்கி இருக்கிறது. ஈய அமிலப் பாட்டரி நாலைந்து வருஷத்தில் உயிர்விடும். புதிது வாங்க மலையிறங்கி அரூர் வரவேண்டும். பொருளை முதலில் வாங்கித்தர மானியம் உண்டு; அது கெட்டால் மாற்றித்தர மானியம் இல்லை. அமெரிக்க வரிச் சட்டமானாலும் நம் பசுமை வீடானாலும், சலுகை பொருத்தும் நாளோடு முடிந்துவிடுகிறது. பொருத்தியவனும் போய்விடுகிறான். சூரிய விளக்கு எரியாமற்போன வீடு அதன்பின் எதை ஏற்றிக்கொண்டது என்று எந்த ரிஜிஸ்தரிலும் பதிவதில்லை.

இங்கே இன்னொரு விஷயத்தையும் யோசிக்கவேண்டும். சக்திச் சிக்கனம் என்றால் நாம் உடனே கருவியைத்தான் நினைக்கிறோம், வீட்டையே நினைப்பதில்லை. குளிர் தேசத்தார் ஆயிரக்கணக்கில் டாலர் செலவழித்துக் கூரைக்குள் அடைக்கும் வெப்பத்தடை என்பது என்ன? காற்றைச் சிறைப்பிடித்து வைக்கும் ஒரு மெத்தை. மலைப்புல் கூரையும் அதுவே. தண்டுக்குத் தண்டு இடையில் காற்று அடைபட்டிருப்பதால் பகல் வெயில் உள்ளே இறங்குவதில்லை, இரவின் கதகதப்பு வெளியே ஓடுவதில்லை. அந்தக் கூரையை எடுத்துவிட்டு நாலரை அங்குலக் கான்கிரீட் தளம் போட்டால், மழை, தீ, பாம்பு விஷயத்தில் நிம்மதி உண்டு. அதை அற்பமென்று நான் சொல்லமாட்டேன், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புல் அறுத்துக் கூரை வேய்கிறவர் சிரமம் வேய்கிறவருக்குத்தான் தெரியும். ஆனால் பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் இரவில் வீட்டுக்குள்ளே உமிழும். மலைக் குளிரில் அது சில மாதம் சுகமாகவும் இருக்கலாம். அடிவாரத்துப் பாப்பிரெட்டிப்பட்டியிலும் அரூரிலும் சித்திரை மாதத்தில் அதை விசிறியால் வெல்ல முடியாது. நம் முன்னோர் மச்சு வீடு கட்டியபோது தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, அதன்மேல் தட்டோடு பதித்து, ஆண்டுக்கொரு முறை வெள்ளையடித்தது சும்மாவா? தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக்கென்று ஒரு கொள்கையே வகுத்து, வெயிலைத் திருப்பியடிக்கும் வெண்பூச்சுக்கு இடம் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2030-க்குள் எட்டு லட்சம் வீடு கட்டக் கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்ச ரூபாய் தரும்போது, அந்தக் கான்கிரீட் தளத்தின்மேல் ஒரு பூச்சுச் சுண்ணாம்புக்கும் காசு சேர்த்துக் கொடுத்தால், அதைவிட மலிவான சக்திச் சிக்கனம் இந்த உலகத்தில் கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

படிவமும் பட்டாவும் இல்லாமல் மலைவரை ஏறிய சலுகை ஒன்று உண்டு. அதைச் சலுகை என்றே எவரும் சொல்வதில்லை. எல்.இ.டி. பல்பைத்தான் சொல்கிறேன். 2014-இல் மத்திய அரசின் கம்பெனி ஒன்று ஒரு பல்புக்கு 310 ரூபாய் விலை கொடுத்து வாங்கிற்று. 2015 ஜனவரியில் உஜாலா என்னும் திட்டம் தொடங்கி, கோடிக்கணக்கில் ஒரே மொத்தமாக ஏலத்தில் கேட்கவும், 2016-க்குள் கொள்முதல் விலை 38 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. மானியம் என்று ஒரு பைசா கொடுக்காமல், மொத்தமாக வாங்கும் பலத்தினாலேயே விலை விழுந்தது. திட்டத்தில் விற்றது 36 கோடிக்கு மேல். அதோடு கடைவீதி விலையும் சேர்ந்து விழுந்தது. மலைச் சந்தையில் பல்பு வாங்குகிற கிழவி எந்தப் படிவத்திலும் கையெழுத்திடவில்லை. தனக்கு உபகாரம் நடந்ததென்றும் அறியாள். அறுபது வாட் குண்டு பல்புக்குப் பதில் ஒன்பது வாட் பல்பு, நாளுக்கு ஐந்து மணி எரிந்தால், இரண்டு மாதத்தில் பதினைந்து யூனிட் மிச்சம். இலவச நூறு யூனிட்டுக்குள் அடங்கி நிற்க இதுவும் ஒரு துணை.

அடுப்பு மட்டும் அவ்வளவு எளிதாக மாறவில்லை. 1980-களில் தொடங்கிய தேசியப் புகையற்ற அடுப்புத் திட்டம் தளர்ந்து 2002-இல் நின்றது. 2006-க்குப் பின் மாநில அரசு இலவச எரிவாயு இணைப்பும் அடுப்பும் கொடுத்தது. 2016 மே முதல் நாள் மத்திய அரசின் உஜ்வலா வந்தது. இணைப்பு கிடைத்துவிடுகிறது, உருளை தீர்ந்தால் மறுபடி வாங்கவேண்டுமே! வாயு 14.2 கிலோ, இரும்பு ஏறக்குறைய அதே எடை. சாலை முடிந்த இடத்திலிருந்து அதை எவர் தோளில் தூக்குவது? விறகு வாசலிலேயே கிடக்கிறது, புகையையும் சேர்த்து.

இவ்வளவையும் யோசித்துக்கொண்டு மலையிறங்கி வந்தபின், அந்த ஞாயிற்றுக்கிழமையே மருமகனை அழைத்தேன். வரியில் கழிவு இல்லை. ஆனால் மானியம் உண்டு. உன் அம்மா இருக்கும் அரூர் வீட்டுக்கு, அதாவது தளம் போட்ட, நிழல் விழாத, கோடையில் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு, அது கச்சிதமாகப் பொருந்தும் என்று சொன்னேன். அவனுக்கு ஒரே ஆனந்தம்.

“அப்ப மூணு கிலோவாட் போட்டுடலாம் மாமா. பணம் நான் இன்னைக்கே அனுப்பிடறேன். எழுபத்தெட்டாயிரம் திரும்ப வந்துடுமில்ல?”

“வரும். கரன்ட் பில் யார் பேர்ல வருது?”

மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, “தாத்தா பேர்லதான் இன்னும் வருதுன்னு நினைக்கறேன்” என்றான்.

அவன் தாத்தா காலமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இறப்புச் சான்றிதழ் யாரிடம் இருக்கிறது, வாரிசுச் சான்றிதழ் வாங்கினோமா, பம்பாயிலிருக்கும் சித்தப்பா ஆட்சேபம் இல்லையென்று எழுதிக்கொடுப்பாரா என்று கேட்டுக்கொண்டே போனேன். “நீங்க வீட்ல இருங்க மாமா, அம்மாகிட்ட கேட்டுட்டுக் கூப்பிடறேன்” என்று வைத்துவிட்டான்.